பேராண்டி, மொதல்ல மொசலைக் காட்டு

வா பேராண்டி, இப்படித் திண்ணையில குந்து. ஃபோனைக் கீழ வை. வைக்க முடியலன்னா கையிலயே வச்சுக்கோ, காதை மட்டும் இந்தப் பக்கம் திருப்பு. உங்கம்மா சொன்னா, நீ புதுசா ஒரு நாயி செய்யப் போறியாமே. வாங்கப் போறதில்ல, செய்யப் போறியாம். தெக்கத்திச் சீமையில இருந்து சிப்பிப்பாறைப் பொட்டை ஒண்ணைக் கொண்டாந்து, பெங்களூர்ல பார்டர் கோலி ஆண் நாயி ஒண்ணைப் புடிச்சி, ரெண்டையும் சேத்து, வெள்ளைக்காரன் ‘லர்ச்சர்’னு சொல்ற வேட்டை நாயைத் திருவண்ணாமலையில உண்டாக்கப் போறியாம். கேட்டதுல இருந்து எனக்குப் பெருமை தாங்கல. நம்ம பரம்பரையில பட்டம் வாங்கினவன் இருக்கான், கடன் வாங்கினவன் இருக்கான். நாயில ஒரு ஜாதியைப் படைக்கக் கெளம்பினவன் நீ ஒருத்தன்தான்.

ஊரு சிரிக்குது. ‘ஐடி கம்பெனிக்காரன் மொசல் புடிக்கப் போறானாம்’னு டீக்கடையில ஒரே பேச்சு. நான் சிரிக்கல. நீ அனுப்பின வீடியோ அத்தினியும் பாத்தேன், நடுவுல வந்த விளம்பரத்தைக்கூட விடல. புரியாத எடத்தை ரிடையர் ஆன வாத்தியார் ஒருத்தரை வச்சிக் கேட்டுக்கினேன். இப்போ அந்த நாயைப் பத்தி உன்னைவிட எனக்கு ஒரு பிடி கூடவே தெரியும். அதனாலதான் யோசனை சொல்றேன். ஏத்துக்கணும்னு கட்டாயமில்ல. இதுவரைக்கும் நம்ம ஊட்டுல யாரு ஏத்துக்கினாங்க?

மொதல்ல அந்த நாயி எப்படிப் பொறந்துச்சுன்னு பாரு. இங்கிலாந்துல ஒரு காலத்துல காடு ராஜாவோடது, காட்டுல இருக்கிற மானும் ராஜாவோடது. 1217ல காட்டுச் சாசனம்னு ஒண்ணு எழுதினாங்க. அதுல நாய்க்கும் ஒரு விதி. ராஜாவோட காட்டு எல்லைக்குள்ள குடியிருக்கிறவன் நாயி வளத்தா, அதோட முன்னங்கால்ல மூணு நகத்தை வெட்டிடணும். மானைத் துரத்தக் கூடாது பாரு, அதுக்குத்தான். பாதத்து மெத்தையை மட்டும் தொடாதீங்கன்னு பெரிய மனசு பண்ணி எழுதியிருக்காங்க.

அப்பேர்ப்பட்ட ஊர்ல ஏழை இன்னா பண்ணுவான்? சட்டிக்குக் கறி வேணும். கிரேஹவுண்ட் வச்சிருந்தா, காவக்காரன் தூரத்துல பாத்தே ‘இது வேட்டை நாயி’ன்னு புடிச்சிக்குவான். அதனால அதை ஆட்டு நாயோட சேத்தான். ஓட்டம் உள்ள ஒளிஞ்சிக்கும், வெளிய பாத்தா சடை விழுந்த ஆட்டு நாயி மூஞ்சி. கேட்டா, ‘மந்தை மேய்க்கிற நாயிங்க, எசமான்’. இப்படித்தான் லர்ச்சர் உண்டாச்சுன்னு அதை வளக்கிறவங்க தலைமுறை தலைமுறையா சொல்லிக்கினு வராங்க. பசி பெத்த நாயி அது, பேராண்டி. நீ ஸ்விக்கில பிரியாணி வரவழைச்சித் தின்னுட்டு, எலும்பை யாருக்குப் போடலாம்னு யோசிக்கையில உனக்கு வேட்டை நெனப்பு வந்திருக்குது.

ஆனா அவங்க போட்ட கணக்கைக் குறை சொல்ல மாட்டேன். கிரேஹவுண்ட் மணிக்கு 65 கிலோமீட்டருக்கு மேல ஓடும். ஒரு பாய்ச்சல்ல ரெண்டு வாட்டி நாலு காலும் தரையை விட்டுடும். ஆனா அந்த ஓட்டம் சில நூறு மீட்டரோட சரி. தோலு மெல்லிசு, முள்ளுக்கம்பி பட்டாக் கிழிஞ்சிடும். கண்ணுல பட்டதைத் துரத்தும், மறைஞ்சிட்டா முழிச்சிக்கினு நிக்கும். கோலி நாயி நேர் எதிரு. நாள் முழுக்க மலை ஏறி எறங்கும். மழைக்கும் பனிக்கும் மயிரு இருக்குது, பாதம் கெட்டி, விசிலு சத்தத்துக்கு எடது வலது திரும்பும். ரெண்டும் சேந்தா ஓட்டத்தோட புத்தியும் வரும், மோப்பமும் கூடும். ராத்திரியில விளக்கடிச்சா, வெளிச்சத்துல மாட்டின குழிமொசலைப் புடிச்சி, நசுக்காம உயிரோட எசமான் கையில கொண்டாந்து குடுக்கும். ஃபெரட்னு கீரி அளவுல ஒரு பிராணி வச்சிருக்காங்க. அதை வளைக்குள்ள விட்டா, மேல இந்த நாயி அசையாம நின்னு, எந்தப் பொந்துல ஆளு இருக்குதுன்னு காட்டும். அரைக்கரை கலந்தா ஓட்டம் பத்தலன்னு முக்கால் கிரேஹவுண்ட், கால் கோலின்னு கலக்கிறவங்களும் உண்டு. நம்ம டீக்கடையில தேர்தல் கூட்டணிக் கணக்கு ஓயாது. அவங்க ஊர்ல இந்தக் கணக்கு ஓயாது.

இப்போ உனக்குப் புடிச்ச எடத்துக்கு வரேன். கோலியோட மூளை. அமெரிக்காவுல சேசர்னு ஒரு பார்டர் கோலி இருந்துச்சு. 1,022 பொம்மைக்குத் தனித்தனியாப் பேரு தெரியும். பேரைச் சொன்னா அதை மட்டும் பொறுக்கி எடுத்தாரும். 2011ல ஆராய்ச்சிக் கட்டுரையே போட்டாங்கன்னு வாத்தியார் படிச்சிக் காட்டினாரு. எனக்கு வெக்கமாப் போச்சு, உன்னை நெனச்சி. நம்ம கொட்டாயில நாலு மாடு நிக்குது. எந்தப் பேரைச் சொன்னா எது திரும்பும்னு உனக்குத் தெரியுமா?

மூளை இருக்கிற நாயி வேட்டையில இன்னா பண்ணும்னு கேளு. கொஞ்ச நாளைக்கு உயிரக் குடுத்து மொசல் பின்னாடியே ஓடும். மொசல் நேரா ஓடுற பிராணி இல்ல. வெட்டி வெட்டித் திரும்பும், சுத்தியடிச்சிப் பழைய தடத்துக்கே வரும். இதை நாலஞ்சு வாட்டி பாத்துட்டா கோலி ரத்தம் கணக்குப் போட ஆரம்பிச்சிடும். ‘எப்படியும் இந்தப் பக்கம்தானே வரப் போவுது, நான் எதுக்கு நாக்கு தள்ள ஓடணும்?’ இன்னொரு நாயி கூட வந்துச்சுன்னா இன்னும் சௌகரியம். அதை ஓட விட்டுட்டு இது குறுக்கால போயி வேலியோரம் நிக்கும். சட்டிக்குக் கறி தேடுறவன் இதை மெச்சிக்குவான். பந்தயம் கட்டினவன் தலையில அடிச்சிக்கினு ‘திருட்டு ஓட்டம்’ம்பான். கோலி கிராஸ் மேல சீமைக்காரன் சொல்ற பெரிய புகாரு இதான். புத்தி கூடிப்போச்சு, ஓட்டம் கொறைஞ்சி போச்சு. இந்தப் புகாரை நெனப்புல வச்சிக்கோ. கடைசியில அது வேற ஒருத்தர் மேல வரும்.

இன்னொரு சூட்சுமம் இருக்குது. மந்தை மேய்க்கிறதும் வேட்டைதான், பாதியில நிறுத்தின வேட்டை. ஓநாய் இரையைப் பாக்கும், கண்ணெடுக்காம முறைக்கும், பதுங்கும், துரத்தும், கவ்வும், கொல்லும். கோலி நாயில முறைப்பையும் பதுங்கலையும் துரத்தலையும் வளத்தாங்க, கவ்வுறதையும் கொல்லுறதையும் தலைமுறைக்குத் தலைமுறை கழிச்சிக்கினே வந்தாங்க. 1893ல இங்கிலாந்து வடக்கு ஓரத்துல பொறந்த ‘ஓல்டு ஹெம்ப்’னு ஒரு நாயி, சத்தம் போடாம முறைச்சே ஆட்டை நகத்துமாம். இன்னைக்கு இருக்கிற பார்டர் கோலி வம்சத்துக்கே அதான் பாட்டன். கிரேஹவுண்டுக்கும் நம்ம சிப்பிப்பாறைக்கும் முறைக்கவும் பதுங்கவும் நேரமில்ல. பாத்தா பாய்ச்சல், எட்டினா கவ்வல்.

இந்த ரெண்டையும் சேத்தா குட்டிக்கு எந்தத் துண்டு போவும், எந்தத் துண்டு தங்கும்? மொத ஈத்துக் குட்டிங்க ஓரளவு ஒண்ணுபோல இருக்கும். அதுங்களையே ஒண்ணோட ஒண்ணு சேத்து அடுத்த ஈத்து எடுத்தா, அது லாட்டரிச் சீட்டு. ஒரு குட்டி மொசலைப் பாத்து முறைச்சிக்கினே நிக்கும். மொசல் அருகம்புல்லை மேஞ்சிட்டு, சாவகாசமா வழியைப் பாத்துக்கினு போவும். இன்னொரு குட்டி ஆட்டைத் துரத்தும், துரத்தினதோட நிறுத்தாது. பக்கத்து ஊட்டு வெள்ளாட்டுக்கு விலை சொல்லுறாங்களே, கறிக்கடைக் கணக்குன்னு நெனச்சியா? ‘சினை ஆடுங்க, ரெண்டு குட்டி போட்டிருக்கும், அதுங்க ஆளுக்கு ரெண்டு போட்டிருக்கும்’னு கொள்ளுப்பேத்தி வரைக்கும் எழுதி நீட்டுவாங்க. உன் லேப்டாப்புல இருக்கிற எக்செல்லு அந்தக் கணக்கைத் தாங்காது.

‘நம்ம நாயிங்க இருக்கையில சீமை ரத்தம் எதுக்குடா’ன்னு நான் கேக்க மாட்டேன். கேட்டா பழைய பஞ்சாங்கம்னுவ. அதனால நம்ம நாயிங்க எதுக்குப் பொறந்துச்சுன்னு மட்டும் சொல்றேன். சிப்பிப்பாறை, விருதுநகரு தூத்துக்குடி கரிசக்காட்டு நாயி. நீளக் கூர்மூஞ்சி, எறங்கின நெஞ்சு, ஒட்டின வயிறு, சாட்டை வாலு. கம்மங்கூழும் மோரும் குடிச்சிட்டு, வெட்டவெளியில மொசல் பின்னாடி ஓடினது. ஒரு ஆளுக்கு அடங்கும், ஊருக்கே அடங்காது. கோயில்பட்டிப் பக்கம் கன்னி நாயி. கல்யாணப் பொண்ணுக்குச் சீராக் குடுத்து அனுப்புவாங்கன்னு சொல்றாங்க. மாமியார் எச்சரிக்கையா இருக்கட்டும்னு குடுத்திருப்பாங்க, நியாயம்தான். தேனிப் பக்கம் கோம்பை. செவலை ஒடம்பு, கரிமூஞ்சி, காட்டுப்பன்றியை எதுத்து நிக்கிற நெஞ்சு. ராஜபாளையம் பாலு வெள்ளை, ரோசா மூக்கு. வெள்ளையாவே வேணும் வெள்ளையாவே வேணும்னு தேடித் தேடிச் சேத்ததுல, காது கேக்காத குட்டியும் சேந்தே பொறக்க ஆரம்பிச்சிச்சு. அழகுக்கு மனுசன் ஆசைப்படுவான், அபராதத்தை நாயி கட்டும். புதுசா ஜாதி படைக்கிறவன் மறக்கக் கூடாத பாடம் இது.

ஒரு வேடிக்கை பாரு. 2005 ஜனவரியில நம்ம தபால் இலாகா ராஜபாளையத்துக்கு ஸ்டாம்பு போட்டுச்சு. அடுத்த மாசம், பிப்ரவரி 18ல, இங்கிலாந்துல நாயி விட்டுக் காட்டு மொசல் வேட்டையாடக் கூடாதுன்னு சட்டம் நடப்புக்கு வந்துச்சு. நம்ம நாயி வேட்டையை விட்டு ஸ்டாம்புல ஏறிடுச்சு, அவங்க நாயி வேட்டையை விட்டுக் கோர்ட்டுல ஏறிடுச்சு. 2020 ஆகஸ்டுல பிரதமரே ரேடியோவுல ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பைன்னு பேரு சொன்னாரு. அத்தினி பேரும் குட்டி வேணும்னு கெளம்பினாங்க. வேட்டை வேணும்னு எவனும் கெளம்பல, கெளம்பவும் முடியாது. உன் புண்ணியத்துல இப்போ அதுக்கும் ஆளு வந்தாச்சு.

சட்டத்துக்கு வருவோம். நீ படிச்சவன், ஆனா இதைப் படிச்சிருக்க மாட்ட. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல வேட்டைன்னா சுட்டுக் கொல்லுறது மட்டும் இல்ல. கண்ணி வைக்கிறது, வலை விரிக்கிறது, ஓட்டி மடக்குறது, நாயை ஏவித் துரத்துறது எல்லாமே வேட்டை. அதுக்கு முயற்சி பண்ணினாலும் வேட்டை. மொசல் தப்பிச்சி ஓடிட்டாலும் நீ தப்பிச்சதா அர்த்தமில்ல. மூணு வருசம் வரைக்கும் ஜெயிலு, ஒரு லட்சம் வரைக்கும் அபராதம். வண்டியையும் புடிச்சி வச்சிக்குவாங்க. அந்த பைக்குக்கு இன்னும் தவணை பாக்கி இருக்குதில்ல?

‘வீடியோவுல அவங்க இன்னும் மொசல் புடிக்கிறாங்களே தாத்தா’ன்னு கேப்ப. நல்ல கேள்வி. அவங்க புடிக்கிறது குழிமொசல். வளை தோண்டிக் குடியிருக்கும், அங்கே பயிருக்குத் தொல்லை. அதை மட்டும், நிலத்துக்காரன் ஒத்துக்கினா, நாயை விட்டுப் புடிக்கலாம்னு அவங்க சட்டத்துல எடம் விட்டிருக்குது. அந்தக் குழிமொசல் நம்ம நாட்டுக் காட்டுல கெடையாது. இங்க இருக்கிறது பிடரியில கறுப்பு மயிரு உள்ள காட்டு மொசல். அதுக்கு வளையும் இல்ல பொந்தும் இல்ல, புதரோரம் தரையில ஒரு பள்ளத்துல படுத்திருக்கும். பட்டியலு போட்டுக் காப்பாத்துற பிராணி. ஆக, உன் நாயி எந்த வேலைக்குன்னு பொறக்கப் போவுதோ, அந்த வேலையே இந்த நாட்டுல இல்ல. எவனாவது மொதல்ல வேலையைப் பாத்துட்டு ஆளு எடுப்பான். நீ ஆளு எடுத்துட்டு வேலை தேடப் போற. ஓஎம்ஆர் பக்கம் அப்படித்தான் வழக்கம்னா நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல.

மொசல் கெடக்கட்டும், கிரிவலப் பாதையோரக் காட்டை நெனச்சிப் பாரு. அங்க புள்ளிமான் இருக்குது. தண்ணி தேடி எறங்கி வரையில தெருநாயிங்க வளைச்சிக் கடிச்சிக் கொல்லுறது இப்போவே நடந்துக்கினுதான் இருக்குது. பசிக்குத் துரத்துற நாயிங்களையே சமாளிக்க முடியல. நீ அதுல மணிக்கு அறுவது கிலோமீட்டர் ஓடுற ஒண்ணை, அதுவும் யோசிக்கத் தெரிஞ்ச ஒண்ணை, சேத்து விடப் போற. ‘நான் கட்டித்தான் வளப்பேன்’னுவ. ஓடப் பொறந்ததைக் கட்டி வச்சி, மேய்க்கப் பொறந்ததுக்கு மந்தை குடுக்காம வச்சிருந்தா, அதுக்குப் பேரு வளப்பா, வதையா?

கோலிக்கு வேலை இல்லன்னா அதுவே வேலை தேடிக்கும். கொழந்தைங்களை வளைக்கும், சைக்கிளை வளைக்கும், காரை மடக்கப் போயி சக்கரத்துல மாட்டும். நம்ம ஊரைக் கேக்கவே வேணாம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்குல சனம் 14 கிலோமீட்டரு மலையைச் சுத்துது. அதுல ஒருத்தன் வேகமாப் போறான், ஒருத்தன் குந்திக்கினு மோரு குடிக்கிறான், ஒருத்தன் செல்ஃபிக்குப் பின்னாடியே நடக்குறான். உன் நாயி ஒரு பார்வை பாக்கும். ‘இன்னாடா இது, மேய்ப்பன் இல்லாத மந்தை’ன்னு கெளம்பிடும். குபேர லிங்கத்துக்கிட்ட நிக்கிறவனைக் கெண்டைக்கால்ல இடிச்சி ஈசான்ய லிங்கத்துக்குத் தள்ளிக்கினு போவும். அண்ணாமலையார் பக்தருங்களை ஒரே பட்டியில அடைச்சிட்டுத்தான் ஓயும். போலீசுக்கு ஒத்தாசையா இருக்கும், இல்லன்னு சொல்லல.

வெயிலையும் ஒரு வார்த்தை சொல்லிடறேன். நாய்க்கு வேர்வை பாதத்துல மட்டும்தான். மத்த சூடெல்லாம் நாக்கு வழியா எறங்கணும். முழு வேகத்துல ஒரு ஓட்டம் ஓடினாலே உள்ள கொதிக்கும். கத்திரியில நம்ம ஊரு நாப்பது டிகிரியைத் தொடுது. பாறை மலையடிவாரம், ராத்திரியிலயும் சூடு எறங்காது. அதுல ஸ்காட்லாந்து குளிருக்கு ரெண்டு அடுக்கு மயிரு வச்ச பிராணியோட ரத்தத்தை எறக்கப் போற. அப்புறம் நாய்க்கு ஏசி, ஏசிக்கு இன்வெர்ட்டரு. வேட்டை நாயி ஏசி ரூம்ல படுத்திருக்கும், ஈபி பில்லு உன்னை வேட்டையாடும்.

சரி, குறையே சொல்றேன்னு நெனக்காத. வேலை செஞ்சி பேரு வாங்கின நாயி நம்ம மண்ணுலயே இருந்துச்சு. தண்டராம்பட்டுப் பக்கம் எடுத்தனூரு. பல்லவன் மகேந்திரவர்மன் ஆட்சியில, அவனோட 34ஆவது வருசத்துல நட்ட நடுகல்லு. கருந்தேவக்கத்தின்னு ஒருத்தன், எருமைங்களைக் காப்பாத்தப் போயி செத்துப்போனான். அவன் வளத்த நாய்க்குக் கோவிவன்னு பேரு. ரெண்டு கள்ளனைக் கடிச்சி, எடத்தை விட்டு நகராமக் காத்து நின்னுச்சு. கல்லுல அவனைச் செதுக்கி, பக்கத்துல அந்த நாயையும் செதுக்கி, பேரையும் வெட்டி வச்சாங்க. 1400 வருசம் ஆவுது. கல்லைக் கண்டா நாயைக் காணோம், நாயைக் கண்டா கல்லைக் காணோம்னு ஊரெல்லாம் பழமொழி சொல்லுது. ரெண்டையும் ஒரே எடத்துல பாக்கணும்னா நம்ம ஜில்லாவுக்குத்தான் வரணும்.

இப்போ கவனி. செங்கம், தண்டராம்பட்டு சுத்துவட்டாரத்துல நடுகல்லுங்க எத்தினியோ இருக்குது. மாடு மீட்டுச் செத்தவன், ஊரைக் காத்துச் செத்தவனுக்கெல்லாம் கல்லு நட்டாங்க. நாயில யாரைச் செதுக்கினாங்க? மொசலை வேகமாப் புடிச்ச நாயையா? எருமை மந்தைக்கிட்ட நின்ன நாயை. கோவிவன் இன்னா ஜாதி, அப்பன் யாரு, முக்காலா காலான்னு எவனும் கல்லுல எழுதல. என்ன வேலை செஞ்சிச்சுன்னு எழுதினாங்க.

இன்னொண்ணு, உங்க பாட்டிக்கும் முந்தின காலத்துக் கதை. ரமண மகரிஷி மலை மேல கந்தாசிரமத்துல இருக்கையில கமலான்னு ஒரு பொட்டை நாயி இருந்துச்சு. புதுசா யாராவது வந்தா, ‘இவரைக் கூட்டிக்கினு போயி சுத்திக் காட்டு’ன்னு பகவான் சொல்லுவாராம். அது முன்னால நடந்து, குளம் கோயிலுன்னு ஒவ்வொண்ணா நிறுத்திக் காட்டி, மலையைச் சுத்திக் கூட்டியாந்து விடும். டிப்ஸு கேக்காது, பக்கத்துக் கடையில கமிஷன் வாங்காது. கீழே ரமணாசிரமத்துல ஜாக்கின்னு ஒரு நாய்க்குச் சமாதியே இருக்குது. பெரிய கோயிலுக்குள்ள காலபைரவரு சந்நிதிக்குப் போயிப் பாரு. தேய்பிறை அஷ்டமிக்கு நிக்கிற கூட்டத்துல ஒருத்தனாவது, ‘சாமி, உங்க வாகனத்துக்கு கென்னல் கிளப் சர்ட்டிபிகேட்டு இருக்குதா’ன்னு கேட்டிருப்பானா?

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். நாயை நாயாக்குறது அதோட வேலை. ஆட்டு மந்தை கோலியைச் செஞ்சிச்சு, கரிசக்காடு சிப்பிப்பாறையைச் செஞ்சிச்சு, திருட்டுக் கறி லர்ச்சரைச் செஞ்சிச்சு, எருமைக் கொட்டாயி கோவிவனைச் செஞ்சிச்சு. ரீல்ஸு எந்த நாயைச் செய்யும்னு நீதான் சொல்லணும். மந்தையும் இல்ல, மொசலும் இல்ல, பசியும் இல்ல. அங்க பொறக்கிற குட்டிக்கு ரெண்டு சீமைப் புத்தியும் இருக்கும், ஒரு வேலையும் இருக்காது.

ஆனா நம்ம கொல்லையில ஒரு வேலை இருக்குது, கேட்டுக்கோ. மல்லாட்டை காய் புடிக்கிற பருவம். ராத்திரியில காட்டுப்பன்றி குட்டி குடும்பத்தோட எறங்கி, டிராக்டரு உழவைவிட ஆழமா உழுதுட்டுப் போவுது. கூலியும் கேக்கல, விதையும் மிச்சம் வைக்கல. 2025 ஜனவரியில அரசாங்கம் ஒரு உத்தரவு போட்டுச்சு. காப்புக்காட்டுல இருந்து மூணு கிலோமீட்டருக்கு அப்பால வர்ற பன்றியை வனத்துறை சுடலாம்னு. வனத்துறை மட்டும், நீயும் நானும் இல்ல. நம்ம கொல்லை மூணு கிலோமீட்டருக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு பன்றிக்கும் தெரியல, எனக்கும் தெரியல. அதுவரைக்கும் ராத்திரி முழிச்சிருந்து, டார்ச் அடிச்சி, தகரம் தட்டி, சத்தம் போட ஒரு ஆளு வேணும்.

ரொம்ப நாளா யோசிச்சேன், எப்படிப்பட்ட ஆளு வேணும்னு. ஓட்டம் வேணும், புத்தியும் வேணும். உங்கப்பன் வழியில ஓட்டத்துக்குக் கொறைச்சலே இல்ல. சீட்டுப் பணம் கேட்டு ஆளு வந்தா, செருப்பு இந்தப் பக்கம் கெடக்கையில மனுசன் ஏரிக்கரையில இருப்பான். உங்கம்மா வழி மூளை. உங்கம்மாவோட அப்பன் ஒரே நெலத்தை ரெண்டு பேருக்குக் குத்தகைக்கு விட்டுட்டு, ரெண்டு பேர் கிட்டயும் நல்லவன்னு பேரு வாங்கினவரு. அதனால அரைக்கரை கலந்த குட்டி நம்ம ஊட்டுலயே வளந்து நிக்குது. பத்து மணிக்கு ஆபீசு மீட்டிங்கு. ஃபோன்ல பச்சை வெளக்கு எரியுது, கேமரா ஆஃபு, நீ போர்வைக்குள்ள. மத்தவன் ஓடிக் களைக்கட்டும், சம்பளத் தேதி எப்படியும் இந்தப் பக்கம்தானே வரப் போவுதுன்னு வேலியோரம் நிக்குற. அந்தத் திருட்டு ஓட்டத்தை நான் இத்தினி வருசமாப் பாத்துக்கினுதான் இருக்கேன். சீமைக்காரனுக்கு அது குறை. எனக்கு அது தகுதி. பன்றியும் தெனம் ஒரே வழியிலதான் வருது, ஓட வேணாம். எங்க நிக்கணும்னு கண்டுபுடிச்சி, தகரத்தோட நின்னாப் போதும்.

அதனால இந்த அறுவடை வரைக்கும் கொல்லைக்குக் காவலுக்கு வா. லேப்டாப்பைக் கொண்டாந்து பரண் மேல வச்சிக்கோ, ராத்திரியில அமெரிக்காக்காரன்கூடப் பேச வேண்டியிருந்தா சத்தமாப் பேசு, பன்றிக்கும் கேக்கட்டும். மூட்டை ஊடு வந்து சேந்ததுக்கப்புறமும் நாயி வேணும்னு உனக்குத் தோணுச்சுன்னா, குட்டிக்கு நானே துட்டு தரேன், எந்த ஜாதியா இருந்தாலும் சரி. சம்பளம் இன்னான்னு கேக்குறியா? அந்த நாய்க்கு இன்னா குடுக்கலாம்னு வச்சிருந்தியோ, அதேதான் உனக்கும். ரெண்டு வேளை சோறு, படுக்கச் சாக்கு, அப்பப்போ முதுகுல ஒரு தட்டு. தடுப்பூசி மட்டும் உன் செலவு.